ரத்தம் கசிந்தால் உஷார்! வலிக்காமலே பல்லைப் பறிக்கும் ஈறு நோய்

கோட்டை ஸ்டேஷன் எதிரே 15 வருடம் நடந்தார். உள்ளே போனபோது 2 பல் போயிருந்தது

சத்தம் போடாமல் வருகிறது. வலி காட்டாமல் வேலையை முடிக்கிறது. விஷயம் தெரிய வரும்போது பல் ஆடிக் கொண்டிருக்கிறது.

பூட்டை உடைக்காத இந்தத் திருடனுக்குப் பெயர் ஈறு நோய்!

சொத்தைப் பல் வலித்தால் ஊரையே எழுப்புகிறோம். கிராம்புத் தைலம் தேடி ஓடுகிறோம். ஈறில் ரத்தம் வந்தால் மட்டும் துப்பிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம்.

இதோ ஒரு குமாஸ்தாவின் கதை. பெயர் வேண்டாம். பாரிமுனைப் பக்கம் எந்த ஆபீசில் நுழைந்தாலும் இவரைப் போல் ஒருவரைப் பார்க்கலாம். அவர் விவரம் வருமாறு:-

சிவந்த பிரஷ்

வயது 44. வீடு குரோம்பேட்டையில். தினமும் காலையில் மின்சார ரெயில் பிடித்து கோட்டை ஸ்டேஷனில் இறங்குவார். அங்கிருந்து நடை.

சில வருடங்களுக்கு முன்பே, பல் தேய்க்கும்போது பிரஷ் சிவந்தது. மனைவி பார்த்துவிட்டார்.

"என்னங்க, ரத்தமா வருது?"

"பிரஷ் புதுசு. குத்திடுச்சு. வேற ஒண்ணுமில்லே."

அன்று முதல் ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் வைப்பதையே நிறுத்தினார். ரத்தம் நின்றதா? இல்லை. தேய்க்காத இடத்தில் அழுக்கு சேர்ந்தது. ஈறு இன்னும் சிவந்தது.

அடுத்து வாய் நாற்றம். பக்கத்து நாற்காலிக்காரர் பேசும்போது முகத்தைத் திருப்பிக் கொண்டார். குமாஸ்தா ஏலக்காய், சோம்பு என்று மென்று சமாளித்தார்.

பிறகு பற்களுக்கு இடையே சந்து விழுந்தது. பல் நீண்டு விட்டது போலத் தெரிந்தது. பல் நீளவில்லை, ஈறு இறங்கி விட்டது. அது அவருக்குப் புரியவில்லை.

ஒரு நாள் மாலை டீக்கடையில் முறுக்கைக் கடித்தார். முன்பல் அசைந்தது. மனுஷனுக்கு 'திக்' என்றது.

மாடிப்படி 'டாக்டர்'

தெரிந்தவர் ஒருவர் வழி காட்டினார்.

"பெரிய டாக்டர்கிட்டே போனா புடுங்கித்தான் போடுவாங்க. நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார். அரை மணி நேரத்துலே கட்டிக் குடுத்துடுவார்."

சந்து ஒன்றில் மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை. வெளியே பல் படம் போட்ட பலகை. பலகையில் பட்டம் இல்லை. குமாஸ்தா கேட்கவும் இல்லை.

அந்த ஆள், ஆடிய பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் பிணைத்தார். பவுடரையும் ஏதோ திரவத்தையும் குழைத்து மேலே பூசினார். சற்று நேரத்தில் இறுகியது. பல் ஆடவில்லை. குமாஸ்தாவுக்கு மகிழ்ச்சி. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பூச்சுக்கு அடியில் சோற்றுப் பருக்கை புகுந்தது. அங்கே பிரஷ் போகவில்லை. ஒரே மாதத்தில் ஈறு வீங்கியது. சீழ் வந்தது. நன்றாக இருந்த பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பித்தது!

இந்த மாதிரி ஆசாமிகளிடம் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. சட்டப்படி, பல் வைத்தியம் பார்ப்பவர் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பலகையில் பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். என்ற பட்டமும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டதும் கோபம் வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

எதிரிலேயே ஆஸ்பத்திரி

கன்னம் வீங்கிய நிலையில் குமாஸ்தா கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம், கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1953-ல் தொடங்கப்பட்ட ஆஸ்பத்திரி அது. 15 வருடமாக அந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கொண்டேதான் அவர் ஆபீஸ் போய் வந்தார். உள்ளே கால் வைத்ததில்லை.

"வலிக்கலியே... எதுக்குப் போகணும்?" என்பதுதான் காரணம்.

டாக்டர் முதலில் கம்பியை வெட்டி எடுத்தார். பிறகு கேட்ட கேள்வி பல்லைப் பற்றியது அல்ல.

"சர்க்கரை இருக்கா?"

"தெரியாதுங்க. பார்த்ததில்லே."

ரத்தம் சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை இருந்தது. பல்லுக்காகப் போன இடத்தில்தான் அந்த விஷயமே அவருக்குத் தெரிந்தது!

எக்ஸ்ரேயில் 2 பற்களுக்கு அடியில் எலும்பே இல்லை. அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று. மற்ற பற்கள் தப்பின. எப்படித் தப்பின என்பதைப் பார்க்கும் முன், நோய் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

அழுக்கு கல்லாகிறது

காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒரு படலம் இருக்கும். அதில் இருப்பது கிருமிக் கூட்டம். அதுதான் மூல காரணம்.

படலம் மெத்தென்று இருக்கும்வரை பிரஷுக்கு அடங்கும். துடைக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து கல்லாகி விடும். இதைத்தான் காரை என்கிறோம். கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் இது அதிகம். எச்சில் சுரக்கும் வாய் அங்கே இருப்பதே காரணம். காரை பிடித்த பிறகு எந்தப் பேஸ்டும் எடுக்காது. எந்தப் பவுடரும் கரைக்காது.

கிருமியை எதிர்க்க உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தை அனுப்புகிறது. ஈறு சிவக்கிறது. உப்புகிறது. தொட்டால் கசிகிறது. இது முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். நஷ்டம் எதுவும் இல்லை.

விட்டால் இரண்டாம் கட்டம். ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல ஆகிறது. டாக்டர்கள் மெல்லிய கம்பி போன்ற அளவுகோலை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார்கள். 3 மில்லி மீட்டர் வரை சாதாரணம். 4 மில்லி மீட்டர், அதற்கு மேல் என்றால் பிரஷ் எட்டாது. அந்தப் பைக்குள் கிருமிகள் குடித்தனம் நடத்தும். அடியில் தாடை எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது.

தொட்டியில் மண் குறைந்தால் செடி ஆடும். செடியைப் பக்கத்துச் செடியோடு கட்டினால் மண் வந்து விடுமா? மாடிப்படி 'டாக்டர்' செய்தது அதுதான்.

பல் தேய்க்காத 12 பேர்

அழுக்குதான் காரணம் என்பதற்கு என்ன சாட்சி?

டென்மார்க் நாட்டில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒரு சோதனை நடத்தினார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரிடம், "பல் தேய்ப்பதை நிறுத்துங்கள்" என்றார். 10 நாளில் இருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கச் சொன்னார். ஒரு வாரம், பத்து நாளில் சரியாகி விட்டது. இந்த முடிவு 1965-ல் வெளியானது.

3 வாரம் சோம்பல். 12 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை!

மலையகத் தமிழர்கள்

லோவும் அவரது குழுவினரும் அதோடு நிற்கவில்லை. 1970-ல் இலங்கைக்கு வந்தார்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பிரஷ் பிடிக்கும் பழக்கமோ, பல் டாக்டரிடம் போகும் வசதியோ அவர்களுக்கு இல்லை. சொத்தைப் பல்லும் அநேகமாக இல்லை. ஆனால் எல்லார் பல்லிலும் காரை.

பல வருடம் திரும்பத் திரும்பப் பார்த்து 1986-ல் வெளியிட்ட கணக்கு இது:-

100-க்கு 8 பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. 45 வயதுக்குள் இவர்கள் வாய் காலி.

100-க்கு 81 பேருக்கு மெதுவாகப் பரவியது.

100-க்கு 11 பேருக்கு ஈறு சிவந்ததோடு நின்றது. எலும்புக்குப் போகவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தான் அந்த 8-ல் ஒருவனா, 11-ல் ஒருவனா என்பது கண்ணாடியைப் பார்த்தால் தெரியாது. "எங்க தாத்தா குச்சியாலே தேய்ச்சு 90 வயசு வரைக்கும் கரும்பு கடிச்சார்" என்று சொல்பவர்கள் உண்டு. தாத்தா அந்த 11-ல் ஒருவராக இருந்திருக்கலாம். பேரனும் அப்படியே என்பதற்கு ஜாமீன் யார்?

40 வருடம் கழித்து, 2010-ல் அதே தொழிலாளர்களில் 75 பேரை மறுபடி தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2017-ல் வெளியான அந்த அறிக்கை சொல்லும் பாடம்: காரையை எடுக்க வேண்டும், ஈறு வீக்கத்தை அடக்க வேண்டும், புகையை விட வேண்டும், 30 வயதுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

சிகிச்சை என்ன?

முதல் சிகிச்சை, காரையை எடுப்பது. ஜனங்கள் 'கிளீனிங்' என்று சொல்வது இதைத்தான். அதிரும் முனை கொண்ட கருவியால் காரையை உதிர்ப்பார்கள். கூடவே தண்ணீர் பீச்சும்.

பை ஆழமாக இருந்தால் மேலே மட்டும் சுரண்டினால் போதாது. மரத்துப் போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்வார்கள். வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சில தடவை வரச் சொல்வார்கள். குமாஸ்தா 4 தடவை போனார்.

சில வாரம் கழித்து மறுபடி ஆழம் பார்ப்பார்கள். பலருக்கு இதோடு ஈறு இறுகிக் கொள்ளும். அப்படியும் பை ஆழமாக இருந்து ரத்தம் கசிந்தால் சின்ன ஆபரேஷன். ஈறைக் கொஞ்சம் விலக்கி, வேரைக் கண்ணால் பார்த்தே சுத்தம் செய்து தையல் போடுவார்கள். சில இடங்களில் எலும்புத் தூள் வைப்பதும் உண்டு.

லேசாக ஆடும் பல்லைப் பட்டம் பெற்ற டாக்டர்களும் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஆனால் முதலில் சுத்தம், பிறகுதான் கட்டு. அதிலும் பிரஷ் போக வழி விடுவார்கள்.

சிகிச்சையோடு கதை முடிவதில்லை. ஒரு முறை ஈறு நோய் வந்தவர், டாக்டர் சொல்கிறபடி 3 மாதத்துக்கோ 6 மாதத்துக்கோ ஒரு முறை போய்க் காட்ட வேண்டும்.

"கிளீனிங் செஞ்சா பல்லு ஆடும்"

டாக்டர்களைப் பாடாய்ப் படுத்தும் வதந்தி இது. உண்மை என்ன?

எலும்பு போன இடத்தைக் காரை அடைத்துக் கொண்டிருக்கும். அதை எடுத்ததும், ஏற்கனவே இருந்த சந்து கண்ணுக்குத் தெரிகிறது. ஏற்கனவே இருந்த ஆட்டம் நாக்குக்குத் தெரிகிறது. சில நாள் பல் கூசும். பிறகு குறையும். வீக்கம் வடிந்தால் லேசான ஆட்டமும் பெரும்பாலும் குறையும்.

சர்க்கரையும் புகையும்

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஈறு நோய் சீக்கிரம் வரும், வேகமாக முற்றும். இது இரு பக்கமும் வெட்டும் கத்தி. ஈறில் சீழும் வீக்கமும் இருந்தால் சர்க்கரை அடங்க மறுக்கும். ஈறுக்கு நல்ல சிகிச்சை செய்தால் 3 மாத சராசரி சர்க்கரை அளவு கொஞ்சம் குறைவது ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது. அதற்காக சர்க்கரை மாத்திரையை நிறுத்தி விடக் கூடாது.

பீடி, சிகரெட் பிடிப்பவர் கதை இன்னும் மோசம். புகையால் ஈறுக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. அதனால் ரத்தக் கசிவு அவ்வளவாகத் தெரியாது. "எனக்குத்தான் ரத்தமே வரலியே" என்று மார் தட்டுவார். உள்ளே எலும்பு கரைந்து கொண்டிருக்கும். சிகிச்சைக்கும் பல் சரியாகக் கட்டுப்படாது. வாயில் அதக்கும் புகையிலை ஈறைக் கீழே இறக்குவதோடு, வாய்ப் புற்றுநோய்க்கும் வழி வகுக்கும்.

சில மாத்திரைகளாலும் ஈறு தடித்து வளரும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின் போன்றவை சிலருக்கு இப்படிச் செய்யும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்று வழி பார்ப்பார். இருதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவரும் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். "பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட வேண்டியதில்லை. மாசமாக இருப்பதைச் சொல்லிவிட்டே சுத்தம் செய்து கொள்ளலாம்.

தடுக்க என்ன செய்யணும்?

செலவு அதிகம் இல்லை. மனசுதான் வேண்டும்.

1. காலையில் ஒரு முறை, ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் 2 நிமிஷம். ராத்திரி தேய்ப்பதுதான் ரொம்ப முக்கியம். தூங்கும்போது எச்சில் குறைவதால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

2. மிருதுவான பிரஷ். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, மெதுவாக அசைக்க வேண்டும். சட்டைக் காலர் தேய்ப்பது போல் அரக்கித் தேய்த்தால் ஈறு இறங்கும், பல் தேயும்.

3. ரத்தம் வரும் இடத்தை விட்டு விடாதீர்கள். அங்கேதான் மெதுவாக, தவறாமல் தேய்க்க வேண்டும். 10 நாளில் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

4. பிரஷ் விரிந்து போனால் தூக்கிப் போடுங்கள். விரியாவிட்டாலும் 3 மாதம் போதும்.

5. சந்து உள்ளவர்கள் சந்துக்குள் நுழையும் குட்டி பிரஷ் வாங்கலாம். நெருக்கமான பல்லுக்குப் பல் நூல். குண்டூசி, சேப்டி பின், தீக்குச்சி கூடவே கூடாது.

6. செங்கல் தூள், மணல், கரித்தூள் வேண்டாம். பல்லை அறுக்கும். வேப்பங்குச்சி, ஆலங்குச்சி பழக்கம் உள்ளவர்கள் முனையை நன்றாக மென்று நாராக்கிக் கொண்டு, ஈறைக் கிழிக்காமல் தேய்க்க வேண்டும்.

7. மவுத் வாஷ் பிரஷுக்குப் பதில் அல்ல. குளோர்ஹெக்சிடின் மருந்து டாக்டர் சொன்னால், சொன்ன நாள் வரைக்கும் மட்டும். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். நாக்கு ருசி மாறும்.

8. ஈறில் ரத்தம் என்றதும் கடையில் விட்டமின் மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் உண்டு. மாத்திரை காரையைக் கரைக்காது.

யார் உடனே போகணும்?

ஈறில் சீழ், கன்ன வீக்கம், பல் ஆட்டம், புதிதாக விழுந்த சந்து, போகாத வாய் நாற்றம் - இதில் ஒன்று இருந்தாலும் நாள் தள்ளக் கூடாது. வீக்கத்தோடு காய்ச்சலோ, விழுங்கவும் வாய் திறக்கவும் கஷ்டமோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காரணமே இல்லாமல் ஈறில் ரத்தம் கொட்டி, உடம்பில் கன்றிப் போன புள்ளிகளும் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

தனியாரிடம் போக வசதி இல்லை என்று பயப்பட வேண்டாம். அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஈறு நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். காலையில் போய்ச் சீட்டு வாங்க வேண்டும். கூட்டம் இருக்கும். அரை நாள் லீவு போகும். பல் போவதற்கு அது பரவாயில்லை.

இரண்டு டிக்கெட்

குமாஸ்தாவின் வாயில் இப்போது இரண்டு கட்டுப் பல். முறுக்கைக் கண்டால் கும்பிடு போடுகிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிரஷும் கையுமாகத் தொட்டி அருகே நிற்கிறார்.

"இந்த வயசுலே புதுசா பல்லு தேய்க்கக் கத்துக்கிட்டீங்களா?" என்று மனைவி கேலி செய்கிறார். இவர் சிரித்துக் கொள்கிறார்.

ஒரு நாள் காலையில் தொட்டியில் கிடந்த இன்னொரு பிரஷைப் பார்த்தார். சிவந்திருந்தது. பிளஸ் 2 படிக்கும் மகனின் பிரஷ்.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லேப்பா. பிரஷ் புதுசு. குத்திடுச்சு."

அப்பா பதில் பேசவில்லை. சனிக்கிழமை காலையில் ஸ்டேஷன் கவுண்டரில் நின்றார். தன்னிடம் சீசன் டிக்கெட் இருந்தது. பையனுக்கு மட்டும் கோட்டைக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட் வாங்கினார்.